நாளைய இயக்குனர்: பார்த்தவங்க, வேலை செஞ்சவங்க அனுபவம் சொல்லுங்க

2009-ல கலைஞர் டிவில நாளைய இயக்குனர்னு புது டைரக்டருங்களுக்கான குறும்படப் போட்டி ஆரம்பிச்சப்போ நான் காலேஜ். படம் முடிஞ்ச கையோட நடுவரா இருந்த கார்ட்டூனிஸ்ட் மதன் சாரும் டைரக்டர் பிரதாப் போத்தனும் கதை எந்த இடத்துல தொங்குதுன்னு எடுத்தவங்க முன்னாடியே பேசுவாங்க பாருங்க, எனக்கு படத்தை விட அதுதான் ரொம்ப பிடிக்கும். திரைக்கதைன்னா என்னன்னு நான் அங்கதான் கத்துக்கிட்டேன், புக்கு படிச்சு இல்ல. அந்த முதல் சீசன் ஜெயிச்ச நலன் குமரசாமி 2013-ல சூது கவ்வும் எடுத்தாரு, அதே சீசன்ல இருந்த கார்த்திக் சுப்புராஜ் அதுக்கு முந்தின வருஷமே பீட்சா. பாலாஜி மோகனோட காதலில் சொதப்புவது எப்படி, அல்போன்ஸ் புத்திரனோட நேரம் ரெண்டுமே முதல்ல குறும்படம், அப்புறம்தான் முழுப்படம் ஆச்சு. விஜய் சேதுபதி, பாபி சிம்ஹா எல்லாம் அப்பவே இந்த குறும்படங்கள்ல நடிச்சிட்டு இருந்தாங்க, நமக்குதான் பேரு தெரியாது. உங்க அனுபவத்தையும் சொல்லுங்க மக்களே.

அண்ணா, நான் ஒரு சீசன்ல ஃப்ரெண்டோட படத்துக்கு சவுண்ட் பார்த்தேன். காசுன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, கேமரா வாடகை, சாப்பாடு, ஆட்டோ, அதுக்கே எல்லாரும் கையில இருந்து போட்டோம். கதைப்படி பையன் பைக் ஆக்சிடெண்ட்ல சாகணும், ரோட்டுல எடுக்கணும்னா பர்மிஷன் வேணும் ஆளுங்க வேணும் லைட்டு வேணும், எதுவும் நடக்கற மாதிரி தெரியல. சாலிகிராமத்துல ஒரு டீக்கடை வாசல்ல நின்னுட்டே ஃப்ரெண்டு அந்த சீனை மாத்தினான். வீட்ல அம்மா மாவு அரைச்சிட்டு இருக்காங்க, கிரைண்டர் சத்தத்துல போன் அடிக்கறது கேக்கல, நமக்கு மட்டும் ஸ்கிரீன்ல பேரு வந்து வந்து போறது தெரியுது, கடைசியா அவங்க கிரைண்டரை நிறுத்துறப்போ போனும் நின்னுடுது. அவ்ளோதான் சீன். ஆக்சிடெண்டை காட்டியிருந்தா இதுல பாதி கூட வந்திருக்காது, இதை நான் இன்னிக்கும் யார்கிட்டயும் அடிச்சு சொல்லுவேன். அந்த கிரைண்டர் சத்தத்தை தனியா ரெக்கார்ட் பண்ண பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டோம், அவங்க நிஜமாவே அரிசி ஊறப்போட்டு அரைச்சாங்க. பத்து நிமிஷத்துக்குள்ள கதை முடியணும், கையில காசும் இல்ல, அப்போ எழுத்து மட்டும்தானே தாங்கணும்? இன்னிக்கு ஓடிடில நாலஞ்சு குட்டிக் கதைய சேர்த்து விடற ஆந்தாலஜில பெரிய கேமரா பெரிய நடிகர் எல்லாம் இருந்தும் பாதிலயே கதை படுத்துடுதுன்னா காரணம் இதுதான்னு நினைக்கிறேன், யாரும் அந்த டீக்கடை வாசல்ல நிக்கல.

நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை தம்பி. எனக்கு அதுக்கு முன்னாடியே சன் டிவில பாலு மகேந்திரா சாரோட கதை நேரம் பாத்த பழக்கம். தமிழ்ச் சிறுகதைகளா எடுத்து பண்ணாரு, மௌனிகா நிறைய கதைல வருவாங்க, ஒரு வீடு, ரெண்டு மூணு பேரு, அதுக்குள்ளயே முடிஞ்சிடும். ஆனா அது ஏற்கனவே எழுதி பேரு வாங்கினவங்க கதை. புதுசா எழுதற பொண்ணு பையனுக்குன்னு டிவில ஒரு இடம் இன்னி வரைக்கும் சரியா வரல, நாளைய இயக்குனர்ல கூட டைரக்ட் பண்ண தெரிஞ்சாதான் உள்ள போக முடியும், எழுத மட்டும் தெரிஞ்சவங்க எங்க போவாங்க சொல்லுங்க. நான் கதை எழுதறவ, கேமரா பக்கம் போக எனக்கு ஆசையே இல்ல. எழுத்தாளரை தனியா கூப்பிட்டு, டைரக்டரை தனியா கூப்பிட்டு, சேர்த்து விட்டு அரை மணி நேரம் குடுத்தா போதும், பட்ஜெட் கம்மியா இருந்தாலும் பரவால்ல. எந்த சேனலாவது இதை பண்ணா முதல் ஆளா கதை அனுப்புவேன்.

அக்கா, அந்த கிரைண்டர் சீனை எழுதினவனும் இப்ப எழுத மட்டும்தான் செய்றான், உங்க கதை ஏதாவது இருந்தா போடுங்க, அவன்கிட்ட படிக்க குடுக்கறேன்.