1892 மோர்கன் டாலர்: தேய்ந்த காசா, அச்சே சரியாக விழாத காசா?

ஹூஸ்டன்வாசி:
வணக்கம். போன மாதம் இங்கே ஒரு கடையில் 1892-ஆம் வருட மோர்கன் டாலர் ஒன்று வாங்கினேன், பழைய அமெரிக்க வெள்ளிக் காசு. முன்பக்கம் சுதந்திர தேவியின் தலை, பின்பக்கம் கழுகும் அதைச் சுற்றி இலை மாலையும். மாலை முடிச்சுக்குக் கீழே சின்னதாக 'ஓ' எழுத்து இருக்கிறது. "புழக்கத்துக்கே போகாத காசு" என்று சொல்லித்தான் விற்றார்கள். நேற்று வேறொரு கடையில் காட்டினேன். அவர் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "காதுக்கு மேலே முடியே இல்லை, நன்றாகத் தேய்ந்த காசு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த இடம் மொழுமொழுவென்றுதான் இருக்கிறது. கழுகின் நெஞ்சிலும் இறகுக் கோடு தெரியவில்லை. ஆனால் வருடமும் எழுத்துகளும் நேற்று அடித்த மாதிரி நிற்கின்றன. ஏமாந்துவிட்டேனா? இன்னொன்று, ஓரம் லேசாகக் கறுத்திருக்கிறது. ஊரில் அம்மா வெள்ளிக் குங்குமச்சிமிழை விபூதி போட்டுத் துலக்குவார். அப்படிச் செய்யலாமா?

பழையகாசு:
விபூதி வேண்டவே வேண்டாம் தம்பி. சிமிழ் நாம் புழங்குகிற பொருள், துலக்கத் துலக்க அழகு. காசு அப்படியில்லை. எவ்வளவு மென்மையாகத் தேய்த்தாலும் மயிரிழைக் கீறல்கள் விழும், அது போகவே போகாது. கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். நான் சேர்க்கத் தொடங்கிய புதிதில் 1921 டாலர் ஒன்றைப் பாலிஷ் போட்டுத் துடைத்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது, உயிர் மட்டும் போய்விட்டது. இன்றும் அதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

இனி காதுமேல் முடி. உங்கள் காசில் இருக்கும் 'ஓ' நியூ ஆர்லியன்ஸ் அக்கசாலையின், அதாவது காசு அடிக்கும் சாலையின் குறி. அங்கே அடித்த மோர்கன்களில் பல அச்சு ஆழமாக விழாதவை, அதிலும் 1892 இதற்குப் பேர்போன வருடம். அச்சின் அழுத்தம் போதாவிட்டால், வெள்ளி அச்சின் ஆழமான குழிகளுக்குள் ஏறி நிரம்பாது. முன்பக்கம் காதுமேல் முடியும் பின்பக்கம் கழுகின் நெஞ்சும்தான் அந்தக் குழிகள். ஆகவே இரண்டும் பிறக்கும்போதே மொழுக்கையாகப் பிறந்துவிடும். 1881-இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த ஒரு காசைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முடியை இழை இழையாக எண்ணலாம். முடியை மட்டும் பார்த்துத் தரம் சொல்வது பெரிய தவறு. அந்தக் கடைக்காரர் அவசரப்பட்டுவிட்டார் என்றே சொல்வேன்.

பார்க்க வேண்டியது ஒளி. அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகரும். அதனால் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் உண்டாகும். காசைச் சாய்த்துச் சுழற்றினால் வண்டிச்சக்கரத்தின் ஆரம்போல ஒரு வெளிச்சம் சுற்றி வருவது அவற்றால்தான். கைபட்டுப் புழங்கினால் முதலில் சாவது அந்தக் கோடுகள்.

ராத்திரி அறையை இருட்டாக்கி ஒரே ஒரு குண்டு பல்பின் கீழ், விளிம்பை மட்டும் பிடித்துச் சுழற்றுங்கள். ஆரம் மொழுக்கையான இடத்தையும் கடந்து ஓடினால் அது அச்சுக் குறை. ஓடாமல் மங்கிய சாம்பல் நிறமாக நின்றால் தேய்மானம். கன்னத்தையும் கண்ணுக்கு மேலுள்ள முடியையும் தவறாமல் பாருங்கள்.

கன்னத்தில் குட்டிக் குட்டி வெட்டுகள் இருந்தால் பயப்படாதீர்கள். ஆயிரம் காசு ஒரே மூட்டையில் ஒன்றோடொன்று மோதிக் கிடந்தவை இவை. அந்த வெட்டு வேறு, தேய்மானம் வேறு.

தராசு:
எடையும் பார்த்துவிடுங்கள். 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர். காந்தத்தில் ஒட்டினால் போலி.

ஹூஸ்டன்வாசி:
எடை 26.7 வந்தது, காந்தத்தில் ஒட்டவில்லை. விளக்கடியில் அரைமணி நேரம் பார்த்தேன். காதுமேல் வெளிச்சம் ஓடுகிறது! கழுகின் நெஞ்சிலும் ஓடுகிறது. ஆனால் கன்னத்தின் மேட்டில் அரிசி அளவு இடத்தில் மட்டும் நின்றுபோகிறது. கண்ணுக்கு மேலே முடியிலும் கொஞ்சம் சாம்பல் தெரிகிறது.

பழையகாசு:
நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். காதுமேல் இருப்பது அச்சுக் குறை, கன்னத்தில் இருப்பது புழக்கம். கொஞ்ச நாள் கைமாறிய காசு இது. காசின் தரத்தைச் சொல்லும் ஷெல்டன் அளவுகோல் 1 முதல் 70 வரை, புழங்காதவை 60-இல் தொடங்கும். உங்களுடையது ஏ.யு. (ஏறக்குறையப் புழங்காதது) 55, மிஞ்சினால் 58. நேரில் பார்க்காமல் இதற்குமேல் சொல்லக் கூடாது.

விற்றவர் தரத்தைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். புழங்காத காசின் விலை வாங்கியிருந்தால் திரும்பப் போய், விளக்கடியில் அவர் கண்முன்னே சுழற்றிக் காட்டிக் கேளுங்கள். இந்தக் காசுக்குத் தரச்சான்று வாங்கச் செலவு செய்ய வேண்டாம், கட்டணத்துக்குக் கட்டாது. அப்புறம், வளவளப்பான பி.வி.சி. உறையில் மட்டும் போடாதீர்கள், பச்சையாகப் பிசுபிசுத்துக் காசைத் தின்றுவிடும். மைலார் என்கிற பாலியெஸ்டர் உறை போதும்.

ஹூஸ்டன்வாசி:
நன்றி ஐயா. சனிக்கிழமை கடைக்குப் போகிறேன், ஒரு மேசை விளக்கும் கையோடு எடுத்துப் போகிறேன்.