பழைய விமானங்களைச் சிங்கப்பூரில் எங்கே பார்த்துப் படம் எடுக்கலாம்?

கேள்வி – பொங்கோல்வாசி

வணக்கம். சாங்கி கண்காட்சி நிலையத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் சிங்கப்பூர் விமானக் கண்காட்சிக்கு, பொதுமக்களுக்கான வார இறுதியில், என் அப்பாவை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அவருக்கு வயது எண்பத்தாறு. 1950களின் இறுதியில், பிரிட்டிஷ் ஆகாயப் படையின் சிலேத்தார் தளத்தில், நீரில் இறங்கும் சண்டர்லேண்ட் விமானங்களைக் கழுவித் துடைக்கும் வேலையில் சேர்ந்தவர். அந்தக் காலத்து விமானங்களைக் கண்காட்சியில் பார்க்க முடியுமா? அவரையும் விமானங்களையும் நல்லபடியாகப் படம் எடுத்துவைக்க வேண்டும் என்பதும் என் ஆசை. கேமராவைப் பற்றி ஓரளவுதான் தெரியும்.

மறுமொழி – தெம்பனிஸ் தாத்தா

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கண்காட்சி விமானம் விற்பவர்களும் வாங்குபவர்களும் கூடும் இடம். அங்கு நிறுத்தப்படுபவை பெரும்பாலும் புதியவை; பழையவற்றை எதிர்பார்த்துப் போகாதீர்கள். திறந்தவெளித் தளத்தில் நிழலும் குறைவு என்பதால், அந்த வயதில் நெடுநேரம் நிற்பது சிரமம்.

அவருக்கு ஏற்ற இடம் பாய லேபாரில், ஏர்போர்ட் ரோட்டில் இருக்கும் ஆகாயப் படை அரும்பொருளகம்தான். திறந்திருக்கும் நாளை உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள். 1968இல் சிங்கப்பூர் ஆகாயத் தற்காப்புத் தளபத்தியமாகத் தொடங்கி, 1975இல் இன்றைய பெயரைப் பெற்ற நம் படை பறக்கவிட்ட ஹண்டர், ஸ்கைஹாக் போன்ற போர் விமானங்களை அங்கு அருகில் நின்றே பார்க்கலாம். ஹண்டரின் விமானி அறைக்குக் கீழே இருபுறமும் புடைத்திருக்கும் இரண்டு வீக்கங்களைக் கவனியுங்கள். நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் சுடும்போது தோட்டாச் சரத்திலிருந்து கழன்று விழும் இணைப்புகளைச் சேர்த்துவைக்கும் பெட்டிகள் அவை. ஸ்கைஹாக்கை நாம் அமெரிக்கக் கடற்படையிடமிருந்து பழையதாக வாங்கி, பின்னர் புதிய இயந்திரம் பொருத்தி, 2005 வரை முன்னணிப் போர்ப்பணியில் பயன்படுத்தினோம். அதன் பயிற்சி வகைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு தனித்தனிக் கண்ணாடிக் கூடுகள் வைத்த கூன்முதுகு வடிவம் சிங்கப்பூருக்கே உரியது.

சண்டர்லேண்ட் மட்டும் இங்கே கிடையாது. இங்கிலாந்தின் லண்டன், டக்ஸ்ஃபோர்ட், நியூசிலாந்தின் ஆக்லாந்து போன்ற வெளிநாட்டு இடங்களில்தான் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

மறுமொழி – நிழற்படப் பித்தன்

படம் எடுப்பதைப் பற்றி என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நம் ஊரில் வெளிச்சத்தைவிட ஈரப்பதமே பெரிய எதிரி. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுவதும் பனித்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரமாவது வெளிச்சூட்டில் வைத்திருந்து, பிறகு எடுங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. உச்சிவெயிலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்பதால், இறக்கையின் மேற்பரப்பு வெளுத்துப்போய், அடிப்பகுதி கரிய இருளாகிவிடும். சிமெண்டுத் தரை சூடேறிய பின் எழும் கானல், தொலைவிலிருந்து எடுக்கும் படங்களைக் கலங்கலாக்கும்.

பட்டுத் திரும்பும் ஒளியைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் என்ற வடிகட்டியை வாங்கிப் போடச் சொல்வார்கள் பலரும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வண்ணம் பூசாத உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அது பெரிதாகக் குறைப்பதில்லை; விமானி அறையின் பிளாஸ்டிக் கண்ணாடியிலோ, வார்க்கும்போது உள்ளே தங்கிய இறுக்கத்தையெல்லாம் வானவில் கறைகளாகக் காட்டிவிடும். ஒருமுறை ஒரு காலை முழுவதும் எடுத்த படங்களில் எல்லாக் கண்ணாடிகளிலும் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள் விழுந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். அன்றே அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

என்றாவது வெளிநாட்டில் பழைய சுழலி (புரொப்பெல்லர்) விமானம் பறப்பதைப் படம் எடுக்க நேர்ந்தால், ஷட்டர் வேகத்தைக் கூட்டாதீர்கள். சுழலி நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றுவதாக வைத்துக்கொண்டால், 1/1000 நொடியில் அது 7 பாகைதான் நகரும். படத்தில் சுழலி நின்றுபோய், விமானம் நூலில் தொங்கும் பொம்மைபோல் தெரியும். 1/125 நொடியில் 58 பாகை நகர்ந்துவிடும். மூன்று இதழ்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் ஏறக்குறையப் பாதி மங்கி, சுழற்சி கண்ணுக்குத் தெரியும். அந்த வேகத்தில் விமானத்தோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பிக்கொண்டே எடுக்கப் பழக வேண்டும். தொடக்கத்தில் பத்துக்கு ஒன்று தேறினாலே பெரிது.

பாய லேபார் படைத்தளம் என்பதால், அரும்பொருளக வளாகத்துக்கு வெளியே, வேலிப்பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோன் பற்றி நினைக்கவே வேண்டாம்.

மறுமொழி – தெம்பனிஸ் தாத்தா

நிழற்படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பிரிட்டிஷ் ஆகாயப் படையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் தன் கடைசிக் களப்பணிக்குப் புறப்பட்டது 1954 ஏப்ரல் 1ஆம் தேதி, இதே சிலேத்தாரிலிருந்துதான். அது சென்றது குண்டு போட அல்ல. கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் பதுங்கியிருப்பதாகக் கருதிய ஜொகூர் காட்டை மேலிருந்து படம் எடுக்க. அதே படையில் சண்டர்லேண்டின் கடைசிக் களப்பயணமும் 1959 மே 15ஆம் தேதி அங்கிருந்தே புறப்பட்டது. அன்று உங்கள் அப்பா பணியில் இருந்தாரா என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்தும் வையுங்கள். படத்தைவிட அது அரியது.

மறுமொழி – பொங்கோல்வாசி

இருவருக்கும் நன்றி. சென்ற சனிக்கிழமை காலையில் அரும்பொருளகத்துக்குப் போய்வந்தோம். அந்த மே மாதத்து நாளில் தனக்கு விடுப்பு என்று அப்பா வருத்தத்தோடு சொன்னார். ஆனால் ஹண்டரின் சக்கரத்தைப் பார்த்ததும், யாரும் கேட்காமலேயே பேசத் தொடங்கிவிட்டார். சண்டர்லேண்டுக்குச் சொந்தமாகச் சக்கரம் கிடையாதாம். கரையேற்றும்போதெல்லாம் தண்ணீரில் மிதக்கும் நிலையிலேயே ஆட்கள் சக்கரக் கால்களைக் கொண்டுபோய்ப் பொருத்தி, சரிவுமேடையில் இழுத்து ஏற்றி, உப்பு போக நல்ல தண்ணீரால் கழுவுவார்களாம். அந்தச் சக்கரம் எவ்வளவு உயரம் என்று காட்ட, கையை நெஞ்சுக்கு நேராக நீட்டியபடி ஹண்டரின் இறக்கை நிழலில் நின்றார். போலரைசர் இல்லாமல் எடுத்த அந்தப் படத்தைத்தான் பெரிதாக அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.