மறு: கியாஹ்ல் செய்முறை – ஈஸ்ட் மாவு 'புளிக்கிறதா'?

> கியாஹ்ல் செய்முறையில் பிசைந்த மாவையும் பிறகு உருண்டைகளையும் மூடி வைக்கிற இரண்டு இடத்திலும் 'புளிக்க விடவும்' என்று போட்டுவிட்டால் என்ன? படிக்கிறவர்களுக்குப் புரியும்தானே?

புரியும் அக்கா, ஆனால் தப்பாகப் புரியும். கியாஹ்ல் ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டுப் பலகாரம். நடுவில் காகிதம் போல மெல்லிசு, ஓரம் மட்டும் தடிப்பு, நெய்யில் பொரித்து அந்தக் குழியில் சிவப்பு லிங்கன்பெரிப் பழ ஜாம் வைப்பார்கள், இல்லையென்றால் புளித்த முட்டைக்கோஸ். சிக்கலே அந்த முட்டைக்கோஸில்தான். அது உண்மையிலேயே புளித்தது, நம் இட்லி மாவில் வேலை செய்கிற அதே லியூகோநாஸ்டாக் பாக்டீரியாதான் அதையும் புளிக்க வைக்கத் தொடங்குகிறது. கியாஹ்ல் மாவில் இருப்பது ஈஸ்ட் (இலங்கைப் பாடநூல்களில் மதுவம்), ஒரு மணி நேரத்தில் வாயுவை விட்டு மாவை இரண்டு மடங்காக்கும், புளிப்பு ஏறவே ஏறாது. ஒரே தட்டில் இரண்டும் இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால், யாராவது மாவை ராத்திரி முழுக்க வெளியே வைத்துவிடுவார்கள்.

'நொதித்தல்' இரண்டுக்குமே பொருந்துகிற அறிவியல் சொல், அதனாலேயே இங்கே உதவாது. 'பொங்குதல்' என்றால் எனக்குப் பால் அடுப்பில் வழிவதுதான் நினைவுக்கு வருகிறது. அதனால் பிசைந்த மாவை வைக்கிற முதல் கட்டத்துக்கு 'உப்பல்' என்கிறேன்.

இரண்டாவது கட்டம் வேறு. பிசைந்த மாவு உப்பியதும் உருண்டை பிடித்து 20 நிமிடம் துணி போட்டு மூடி வைக்கிறோமே, அங்கே மாவு கொஞ்சம் உப்பத்தான் செய்யும், ஆனால் நாம் காத்திருப்பது அதற்காக இல்லை. பிசைந்ததில் இறுகிப்போன பசையம் (மைதாவில் இருக்கும் குளூட்டன்) தளர வேண்டும். தளராத உருண்டையை விரலால் இழுத்தால் ரப்பர் மாதிரி திரும்பிச் சுருங்கும், நடு கிழியும், ஓட்டை விழுந்தால் ஜாம் நிற்காது. பரோட்டா மாஸ்டர்கள் இதற்கு 'மாவு ஊறணும்' என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே 'ஊறல்'.

---

> ஆகவே 'ஊறல்'.

தம்பி, 'ஊறல்' என்று தலைப்புப் போட்டால் போலீஸ் வந்துவிடும்! செய்தித்தாளில் ஊறல் என்றாலே காட்டில் பானையில் புதைத்த சாராய ஊறல்தான், அதுவும் ஈஸ்ட் சமாச்சாரம் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. 'தளர்வு' போடலாமே?

---

அக்கா, சாராயம் எனக்குத் தோன்றவில்லை, சரிதான். ஆனால் 'தளர்வு' என்றால் மாவில் தண்ணீர் கூடிப்போச்சு என்று எடுத்துக்கொள்வார்கள். பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையாகவே வைப்போம்: மாவை உப்பவிடவும், உருண்டைகளை ஊறவிடவும், முட்டைக்கோஸ் மட்டும் புளிக்கட்டும். ஜெர்மனிலும் வினைதான், மாவைப் 'போக விடு' என்பார்கள். பொரிக்கும் சூடு 170 முதல் 180 டிகிரி, ஒரு முறைதான் திருப்ப வேண்டும், இதை உங்கள் வரைவில் சேர்த்துவிடுங்கள். பலகாரத்தின் பெயரைத் தமிழாக்க வேண்டாம், கியாஹ்ல் கியாஹ்லாகவே இருக்கட்டும்.