‘டிஸ்கவரி’ சேவைக்குத் ‘திரட்டுத் தேடல்’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

நூல்களையும் ஆய்விதழ்களுக்குள் உள்ள கட்டுரைகளையும் ஒரே பெட்டியில் தேடித்தரும், பல்கலைக்கழக நூலகங்களின் ‘டிஸ்கவரி’ சேவையைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்ற இவ்விழையில் ‘கண்டுபிடிப்புச் சேவை’ என்பதற்கு ஆதரவு கூடி வருகிறது. அதை என்னால் ஏற்க இயலவில்லை. வவுனியாவிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படிக்கும் முதலாண்டு மாணவருக்குக் ‘கண்டுபிடிப்பு’ என்றதும் நீராவி இயந்திரமும் பென்சிலினும்தான் நினைவுக்கு வரும்.

பெயர் தெளிவாக அமையாவிட்டால் தேடலே பிழைத்துவிடும் என்பதே என் கவலை. கோகா போன்ற மென்பொருளில் இயங்கும் நூலகப் பட்டியல், நூல்களையும் ஆய்விதழ்களின் பெயர்களையும் காட்டும். இதழ்களுக்குள் உள்ள கட்டுரைகளைப் பொதுவாகக் காட்டாது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீர்ப்பாசனம் பற்றிய கட்டுரையொன்றின் தலைப்பை அப்பட்டியலில் இட்டு, எதுவும் வராததால் அப்படியொரு கட்டுரை நமக்குக் கிடைக்காது என்று முடிவுகட்டும் மாணவர்கள் பலர். இப்பட்டியலையும் டிஸ்கவரியையும் ‘நூலகத் தேடல்’ என்றே நாம் சொல்லிவந்தால் அவர்களுக்கு வேறுபாடு எப்படித் தெரியும்?

‘கூட்டுத் தேடல்’ என்று முன்வைத்தவரின் வாதம் வலுவானது. ஆயினும் அப்பெயர் இதற்கு முந்திய முறைக்கே பொருந்தும். அம்முறையில் நாம் இடும் வினா பல தரவுத்தளங்களுக்கும் அந்தக் கணத்திலேயே தனித்தனியாக அனுப்பப்படும். மிக மெதுவான தளத்தின் விடைக்காகக் காத்திருக்க நேரும். 2009 இல் வந்த சம்மன், பின்னர் பரவிய எப்ஸ்கோ, பிரைமோ ஆகிய டிஸ்கவரி சேவைகள் வேறு வழியில் இயங்குகின்றன. வெளியீட்டாளர்களிடமிருந்து கட்டுரைகளின் மீதரவையும் (தலைப்பு, ஆசிரியர், இதழ் முதலிய விவரங்களையும்), இசைவு கிடைத்தவிடத்து முழுப்பாடத்தையும் முன்கூட்டியே திரட்டி, ஒரே மையச் சுட்டியாக (தேடுவதற்கான அட்டவணையாக) அமைத்து, அதற்குள் தேடுகின்றன. முன்கூட்டித் திரட்டுவதே இதன் உயிர்நாடி என்பதால் ‘திரட்டுத் தேடல்’ என்பதை முன்மொழிகிறேன். வலைப்பதிவுகளைத் தொகுத்துக் காட்டிய தளங்களைத் ‘திரட்டி’ என்று நாம் ஏற்கெனவே வழங்கியதால் சொல்லும் புதிதன்று.

‘திரட்டு’ என்றால் பாடல் தொகுப்பு என்று பொருள்படாதா என்று கேட்கப்பட்டது. ‘தேடல்’ உடன் சேரும்போது அம்மயக்கம் நீங்கிவிடும் என்றே கருதுகிறேன்.

இச்சேவையைப் பற்றி மாணவருக்குத் தரும் விளக்கக்குறிப்பில் எடுத்துக்காட்டு நம் மண்ணிலிருந்தே வரவேண்டும். இரணைமடுவின் பெயரை ஆங்கிலக் கட்டுரைகள் இரு விதமாக எழுதுகின்றன: ‘ணை’ என்பதன் ஐகாரம் சில கட்டுரைகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. முல்லைத்தீவின் பெயருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டல்கள் உள்ளன. இரணைமடுவின் இரு வடிவங்களையும் ‘அல்லது’ (OR) என்னும் பூலியன் சொல்லால், அதாவது தேடுசொற்களை இணைக்கும் சொல்லால், இணைத்து, அடைப்புக்குறிக்குள் இட்டு, ‘மற்றும்’ (AND) கொண்டு நீர்ப்பாசனத்தைச் சேர்த்தால்தான் பாதிக் கட்டுரைகள் நழுவிப்போகாமல் இருக்கும். இச்சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இடவேண்டும் என்பதையும் குறிப்பிடுவது நல்லது. பல தளங்களில் சிறிய எழுத்தில் இட்டால் அவை சாதாரணச் சொற்களாகவே கொள்ளப்படும்.

கட்டுரையை வெளியிடுமுன் அத்துறை அறிஞர்கள் மதிப்பிடுவதைக் குறிக்கும் ‘சகபாடி மதிப்பாய்வு’ என்பது நம் ஊரில் நிலைத்துவிட்டது; அதை மாற்றவேண்டியதில்லை. எஞ்சியிருப்பது, தேடல் முடிவிலிருந்து நூலகம் சந்தா செலுத்திய பிரதிக்கு நம்மை இட்டுச்செல்லும் பொறியின் பெயர். ‘முழுப்பாட இணைப்பி’ எனலாமா? முழுப்பாடம் இல்லாதவிடத்து அதே பொறி நூலகங்களுக்கிடையிலான இரவல் படிவத்தையும் காட்டக்கூடும் என்பதால் ‘முழுப்பாட’ என்ற அடை பொருந்துமா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.