12 வாரத் தாய்க்கோழிகள் எடை குறைவு: தீவன அளவை ஏற்றலாமா?

வணக்கம். உடுமலைப் பக்கம் பிராய்லர் தாய்க்கோழி (கறிக்கோழிக் குஞ்சுகளுக்கான முட்டையிடும் கோழி) வளர்க்கிறோம். பெட்டைகளுக்கு இப்போது 12 வாரம். எடை, இந்த வயதுக்கான எடை அட்டவணையை விட 90 கிராம் குறைவு.

மக்காச்சோளம் விலை ஏறியதால் தவிட்டைக் கூட்டியிருந்தோம். கிலோவுக்கு 2,800 கிலோகலோரி இருந்த தீவனம் 2,600க்கு இறங்கிவிட்டது. போடும் அளவோ அதே 60 கிராம்! ஆக, கோழிக்கு நாளொன்றுக்கு 12 கிலோகலோரி குறைகிறது. கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது.

இப்போது 65 கிராமாக ஏற்றுவதா, இல்லை எண்ணெய் சேர்த்து எரிசக்தியைக் கூட்டுவதா? எண்ணெய் சேர்த்தால், அளவு கூடாததால் தீவனம் சீக்கிரம் தீர்ந்து, பலசாலிகள் மட்டும் கொழுக்குமோ என்று பயம். ஏற்கெனவே எடை சீராக இல்லை; சராசரி எடைக்குப் பத்து சதவீதம் முன்பின்னாக இருக்கும் கோழிகள் 70 சதவீதம்தான்.

எலும்பு வளர்ச்சி பெரும்பாலும் முடிந்த வயது. வேகமாக ஏற்றினால் கொழுப்பாகிவிடுமா? எத்தனை வாரத்தில் ஈடுகட்டினீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.