லிட்டர் ட்ரேயில் ஒரு சொட்டுகூட இல்லை: எங்கள் சாம்பலுக்கு நடந்தது

எங்கள் சாம்பல் நான்கு வயது ஆண் பூனை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லிட்டர் ட்ரேயில், அதாவது அவன் மலஜலம் கழிக்கும் மண் தட்டில், போய் உட்கார்ந்தான், முக்கினான், எழுந்து வந்துவிட்டான். பத்து நிமிஷத்தில் மறுபடியும் போனான். மலச்சிக்கல் என்று நினைத்து, சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். அந்த அரை நாளை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. மாலையில் அடிவயிற்றில் கை பட்டதும் கத்தினான். அப்புறம்தான் ட்ரேயைக் கிளறிப் பார்த்தேன். காலையில் கொட்டிய மண் காய்ந்தபடியே கிடந்தது.

டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே சொல்லிவிட்டார், மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது என்று. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகல். சளி மாதிரிக் கசடும் பொடிக் கற்களும் சேர்ந்தால் மூடிக்கொள்ளும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். ஒன்றிரண்டு நாளில் உயிரே போகலாம். மயக்கம் கொடுத்து, டியூப் போட்டு, மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

இப்போது அவனுக்கு ஈர உணவுதான். தண்ணீர்க் கிண்ணம் மூன்று இடத்தில் இருக்கிறது. தினமும் காலையில் ட்ரேயில் மூத்திரம் பட்டு இறுகிய மண் கட்டி எத்தனை என்று எண்ணுகிறேன். உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

பதில் 1

படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பூனை சுருண்டு படுத்திருந்தது, உடம்பு சுட்டது. காய்ச்சல் என்று அரை பாராசிட்டமால் கொடுத்தோம். குழந்தைக்கே கொடுக்கிற மருந்துதானே என்ற நம்பிக்கை. சில மணி நேரத்தில் முகம் வீங்கியது, ஈறு பழுப்பாக மாறியது, மூச்சு வாங்கியது. அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்குப் போதாது என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். மாற்று மருந்து ஏற்றினார்கள். நாங்கள் போனது தாமதம், காப்பாற்ற முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூனைக்கும் நாய்க்கும் இயல்பான சூடே ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் இருக்கும். அன்றைக்கு அதற்குக் காய்ச்சல் இருந்ததா என்பதே எங்களுக்குத் தெரியாது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

பதில் 2

வருத்தமாக இருக்கிறது. நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தையும் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், பூனைக்கு வலிப்பு வந்துவிடும்.

பதில் 3

எங்களுடையது நாய்க்குட்டி. முதல் ஊசி போட்டாயிற்று, இனி பயமில்லை என்று பத்து வார வயதில் வெளியே கூட்டிப்போனோம். ஒரு வாரத்தில் வாந்தி, அப்புறம் ரத்தம் கலந்த பேதி. பார்வோ என்ற வைரஸ் நோய். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் மிச்சமிருந்தால் ஊசி வேலை செய்யாமல் போகலாம். அதனால்தான் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும் வரை திரும்பப் போடுகிறார்கள். ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றி மீட்டோம். அந்தக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்குச் சாகாது. தரையை நீர் கலந்த பிளீச்சால் துடைக்கச் சொன்னார்கள்.

சாம்பலின் வீட்டிலிருந்து மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. பதில் 1 எழுதியவருக்கு: உங்கள் மனது படும் பாடு எனக்குப் புரிகிறது. ஈறைப் பற்றி நீங்கள் எழுதியதும் சாம்பலைப் பிடித்துப் பார்த்தேன். வெளிர் ரோஜா நிறம். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பிவிடுகிறது. தூங்கும்போது மூச்சை எண்ணினேன், நிமிஷத்துக்கு 22. முப்பதுக்குள் இருந்தால் சரி என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றையும் தேதி போட்டு அவனுடைய தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.