'ஆதன்' என்று பெயர் வைக்கலாமா? அகராதியில் பொருள் பயமுறுத்துகிறதே

கேள்வி – கடம்பு:
ஆண் குழந்தைக்கு 'ஆதன்' என்று வைக்க யோசனை. பேரகராதியைப் புரட்டினால் 'அறிவில்லாதவன், குருடன்' என்று இருக்கிறது. குழந்தைப் பெயர்ப் பட்டியல்களோ 'சூரியன்' என்கின்றன. எது சரி?

ஓலைக்கணக்கு:
இரண்டையும் ஒதுக்குங்கள். சூரியன் என்பது ஆதவனோடு போட்டுக் குழப்பியது. ஒருவர் தப்பாக எழுத, மற்றவர்கள் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆதன் சேரர் வீட்டுப் பெயர். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், செல்வக்கடுங்கோ வாழியாதன் என்று பதிற்றுப்பத்திலேயே மூன்று பேர். கரூர் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலையில் பழைய தமிழ் எழுத்தான தமிழியில் 'கோ ஆதன் செல்லிரும்பொறை' என்று வெட்டியிருக்கிறது. அவன் மகன் பெருங்கடுங்கோன், பேரன் இளங்கடுங்கோ எனத் தலைமுறை வரிசையும் அதிலேயே உண்டு. அரசர்களுக்கு மட்டும் உரிய பெயரும் அல்ல. கீழடிப் பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று கீறியிருப்பது சாதாரணப் புழக்கத்தைக் காட்டுகிறது.

அகராதி எல்லாக் காலத்துப் பொருளையும் ஒரே சொல்லின்கீழ் அடுக்கும். இழிபொருள் பிற்காலத்து வழக்கு என்பதே என் கணிப்பு. ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றுதான் தொடங்குகின்றன. அறிவிலியை யாரும் பத்து முறை வாழ்த்த மாட்டார்கள்!

புள்ளிமயங்கி:
இலக்கணச் சான்று இன்னும் உறுதியானது. இந்தப் பெயரோடு 'தந்தை' என்ற சொல் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொல்காப்பியம் தனி விதியே வைத்திருக்கிறது: 'ஆதனும் பூதனும் கூறிய இயல்பொடு பெயரொற்று அகரம் துவரக் கெடுமே.'

சாத்தன் + தந்தை என்றால் முதற்சொல்லின் 'அன்' போகும், தந்தையின் முதல் 'த்' போகும்; சாத்த் + அந்தை = சாத்தந்தை. ஆதனுக்கு அதே கணக்கில் 'ஆதந்தை' வரவேண்டும். வராது. எஞ்சிய 'த்' என்ற ஒற்றும் அதையடுத்த அகரமும் சேர்ந்து விழுந்து 'ஆந்தை' ஆகும். பூதன் அதேபோல் 'பூந்தை'. பிசிராந்தையார் பெயரில் இருப்பது இந்த ஆந்தைதான். பறவை என்று விளக்கம் சொல்பவர்களை நம்ப வேண்டாம். தனி விதி வேண்டிய அளவுக்குப் பெயர் புழங்கியிருக்கிறது.

கடம்பு:
மிக்க நன்றி. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

ஓலைக்கணக்கு:
ஏ, ஏ, டி, எச், ஏ, என். முன்னால் ஒரே 'ஏ' போட்டால் 'அதன்' என்று படிப்பார்கள். தொழுகை அழைப்பான 'அதான்' என்பதையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 'எச்' விட்டுப்போனால் வெளிமாநிலத்தில் 'ஆடன்' ஆகிவிடும்.

பிறப்புப் பதிவில் 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சான்றிதழ் வாங்கும்போது தமிழ் எழுத்தை நின்று படித்துப் பாருங்கள். பழக்கமில்லாத பெயர் என்பதால், தட்டச்சு செய்பவர் கை தானாகவே 'ஆதவன்' என்று அடித்துவிட வாய்ப்புண்டு. ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்டால் திருத்த அலைய வேண்டும்.